கச்சான் காற்று

கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து தூத்துக்குடிக்கு நான் குடிவந்தது 2009 ஜூன் மாதம். கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலை. பிறந்த வீட்டுக்குப் பின்னால் தடப்பள்ளி வாய்க்கால் ஓடும், கண் விழித்தால் நெல்வயல். இங்கே கண் விழித்தால் புழுதி. காலையில் துடைத்து வைத்த தட்டில் மதியம் விரலால் கோலம் போடலாம். அம்மாவிடம் போனில் பேசும்போதெல்லாம் ஒரே புலம்பல்: "இங்க ஒரு மரங்கூட இல்லம்மா."

இரண்டு வருடம் இப்படியே போனது. ஆடி, தீபாவளி, பொங்கல் என்று ஊருக்குப் போகும் நாட்களை எண்ணியே காலம் கழித்தேன். கீரை வாங்கினாலும் கோபிக் கீரை, தண்ணீர் பிடித்தாலும் பவானித் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஒப்பீடு. புது ஊருக்குப் போகும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்தத் தராசைக் கீழே வையுங்கள். பிறந்த ஊர் வைக்கும் பரீட்சையில் எந்த ஊரும் தேறாது.

எனக்கு அதைப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். ஒருநாள் நான் துடைப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கச்சான் காத்துல்லா. ஆவணி வரைக்கும் அடிக்கும். மேக்கு சன்னலைச் சாத்திப் போடுங்க. ஆனா காத்தை வையாதீய. இது நின்னுபோச்சுன்னா எங்களுக்கு உப்பு வெளையாது."

அன்றுதான் உறைத்தது. தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுவதால் இந்தக் கரைக்கு வந்து சேர்வது வறண்ட காற்று மட்டுமே. அந்தக் காற்றும் வெயிலும் சேர்ந்துதான் பாத்தியில் நிற்கும் உப்புநீரை வற்றவைக்கின்றன. நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில். நான் வைத காற்று ஆயிரக்கணக்கான வீடுகளில் உலை வைக்கும் காற்று.

அடுத்த மாசியில் அக்காவோடு அளத்துக்குப் போனேன். விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் அந்த வெண்மையில் கண்ணைத் திறக்க முடியாது. உப்பை வாரி, பெட்டியில் சுமந்து, மேட்டில் குவிக்கிறார்கள். உப்புத்தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதங்களை அன்று பக்கத்தில் பார்த்தேன். அதன்பிறகே ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைத் தேடிப் படித்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை அது. உங்கள் ஊரைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் படியுங்கள், ஆனால் முதலில் அந்த இடத்தில் போய் நின்றுவிட்டுப் படியுங்கள்.

ஒவ்வோர் ஊருக்கும் சொந்தமாக ஒரு காலண்டர் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்வதுதான் நான் கண்ட நல்ல வழி. இங்கே தை மாதத்தில் பாத்திகளைச் சீர்செய்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். ஐப்பசி மழை வந்தால் அளம் ஓய்ந்துவிடும், அக்கா வீட்டில் கையிருப்பும் ஓய்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும். அப்போது கருவாட்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும். ஜூலை 26ஆம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே கடற்கரைப் பக்கம்தான். நாங்கள் முருகனைக் கும்பிடும் குடும்பம். ஆனாலும் ஐந்தாம் தேதி மாதாவைப் பார்க்காமல் இருந்ததில்லை. எங்கள் தெருவில் யாருமே அப்படி இருப்பதில்லை. மழைக்காலத்தில் மக்ரூன் வாங்கி உறவுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்பதும் இந்தக் காலண்டரில் சேர்த்தி. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் அது. ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துப் போகும்.

மீனை ஒரே பெண்ணிடம் வாங்குங்கள். நான் பதினான்கு வருடமாக ஒருவரிடம்தான் வாங்குகிறேன். எனக்கு விளமீனுக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாத நாளில் செவுளைத் தூக்கிக் காட்டிக் கற்றுக்கொடுத்தவர். இப்போது நல்ல மீன் இல்லாத நாளில் "இன்னைக்கு வாங்காதீய" என்று அவரே சொல்லிவிடுவார்.

விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதும் நல்லது. காட்டப்போனால்தான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரியும். கிரேட் காட்டன் ரோட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று என் தம்பி மகன் கேட்டபோது விழித்தேன். விசாரித்தேன், பருத்தி ஏற்றுமதி நடந்த ஊர் இது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்களைக் கொழும்புக்கு விட்டதும் இந்தக் கரையிலிருந்துதான். இப்போது பழைய துறைமுகத்தில் தோணிகளைக் காட்டி இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. இரவு 'நைட் கிளப்' போகலாம் என்றால் வந்தவர்கள் திகைப்பார்கள். இங்கே அது சாயங்காலம் திறக்கும் புரோட்டாக் கடை.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஊரில் எனக்கு எவ்வளவு ஆழம் வேர் போயிருக்கிறது என்று தெரிந்தது 2023 டிசம்பரில்தான். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடியோ கடல் மட்டத்தோடு ஒட்டிய சமதள ஊர். மேற்கேயிருந்து குளத்துத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, வடிய இடமில்லாமல் நின்றது. ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் தாழ்ந்துபோன வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. கட்டில் மூழ்கியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. தெருமுனை மாடி வீட்டில் பதினோரு குடும்பங்கள் ஏறினோம். ஒரே பானையில் கஞ்சி.

நான்காம் நாள் போன் வேலை செய்ததும் அம்மாதான் பேசினார்: "பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்துரு சாமி." கணவரும் போகச் சொன்னார். பிள்ளைகளை அவரோடு அனுப்பிவிட்டு நான் இருந்துகொண்டேன். எந்த வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் தீர்ந்துபோயிருக்கும், எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், யார் பசித்தாலும் வாய்விட்டுக் கேட்கமாட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பிறந்த ஊரில் இன்றைக்கு அப்படி ஒரு தெருவைக்கூட எனக்குத் தெரியாது.

ஊர்மேல் பிரியம் வந்துவிட்டால் குறை கண்ணில் படாது என்பார்கள். எனக்கு இப்போதுதான் அதிகம் படுகிறது. கழிவுநீர் வாய்க்காலுக்காக எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மனு கொடுத்துவருகிறோம். முன்பென்றால் அம்மாவிடம் புலம்பியிருப்பேன்.

அந்த வெள்ளத்தில் அளங்களில் குவித்து மூடிவைத்திருந்த உப்பும் கரைந்துபோனது. பாத்திகளெல்லாம் சேறு. அக்காவுக்கு வேலை தொடங்க வழக்கத்தைவிட வெகுநாள் ஆனது. ஒரு மத்தியானம் வாசலில் அவர் குரல் கேட்டது. கையில் ஒரு கேரி பை, அதில் புது உப்பு. உப்பைக் கைக்குக் கை வாங்கக் கூடாது என்பதால் படியில் வைத்தார்.

"மொத உப்பு. எடுத்துக்கிடுங்க."

எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சீலா மீன் குழம்பு. அந்த உப்பைத்தான் போட்டேன். ஒரு கிண்ணம் அக்கா வீட்டுக்கும் போனது.