தென்னை வெள்ளை ஈ: நூலகப் பட்டியலில் தேடும் முறை

தென்னையில் வெள்ளை ஈ கண்டதும் மருந்துக் கடைக்கு விரையும் உழவர் பெருமக்கள், ஒருமுறை வேளாண்மைப் பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியலையும் பார்ப்பது நல்லது.

"தென்னை" என்ற ஒரே தலைப்போடு நின்றுவிடாதீர்கள். டூயி பகுப்பு முறைப்படி தென்னைச் சாகுபடி நூல்கள் 634-லும், பயிர்ப் பூச்சிகள் 632-லும், பூச்சியியல் 595-லும் அடுக்கப்படும். ஒரே ஈயைப் பற்றிய செய்தி மூன்று அலமாரிகளில் சிதறிக் கிடக்கும்!

வழக்குப் பெயரும் போதாது. "சுருள் வெள்ளை ஈ" என்று தேடினால், மரவள்ளி, கொய்யாவில் நாம் நெடுநாளாகக் காணும் ஈயும் சேர்ந்து வரும். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் காணப்பட்ட ரூகோஸ் ஈ வேறு இனம். அலியூரோடிகஸ் ருகியோபெர்குலேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். வாயில் நுழையாத பெயர்தான். வேளாண்மை அலுவலரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, எழுத்துப் பிசகாமல் தேடுங்கள். நூலகரும் உதவுவார்.

வெளியான ஆண்டைக் கவனியுங்கள். 2016-க்கு முந்திய நூலில் இந்த ஈக்கான நம் நாட்டுப் பரிந்துரை இருக்க வழியில்லை.

"என்கார்சியா" என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். ஈயின் குஞ்சுகளில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் சிறு குளவி அது. கண்டபடி மருந்து தெளித்தால் அக்குளவியும் மடிந்துவிடும்.