உறங்காத பாசறை

அன்புள்ள மருமகனுக்கு,

அக்னிவீர் தேர்வுக்காக விடியலில் கூட்டாளிகளோடு செண்பகத்தோப்பு ரோட்டில் ஓடுகிறாயாம், அக்கா சொன்னாள். 1600 மீட்டரை நீ ஓடிவிடுவாய். "வீரம் வர்ற மாதிரி ஒரு போர்ப்பாட்டு சொல்லுங்க மாமா" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பள்ளிப் பேச்சுப் போட்டியில் நீ முழங்கியது நச்செள்ளையாரின் புறநானூற்றுப் பாட்டு. மகன் புறமுதுகிட்டான் என்று கேட்ட கிழவி, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்ப்பாள். அருமையான பாட்டுதான். ஆனால் மேடைக்கு இந்த மாதிரிப் பாட்டு மட்டும் போதும் என்று இருந்துவிட்டோம். பிழைத்துக் கிடந்தவன் ராத்திரியை எப்படிக் கழித்தான் என்று பாடியவர்களும் நம்மிடம் உண்டு.

முல்லைப்பாட்டை எடு. நப்பூதனார் பாடியது. காட்டாற்றின் ஓரம் புதரை வெட்டிப் பாசறை போட்டிருக்கிறார்கள்; நம் ஓடைக்கரையில் உட்கார்ந்து படித்தால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியும். காவல் பலமாக இருக்கிறது. ஆனாலும் அரசனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு கை படுக்கையில், மறு கை தலையில். வெட்டுப்பட்ட யானையின் துதிக்கை பாம்பு போலத் துடித்தது நினைவில் ஓடுகிறது. உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தவர்கள் வருகிறார்கள். பிறகு ஒரு குதிரை: தோலைக் கிழித்து அம்பு புதைந்திருக்க, காதைச் சாய்த்துக்கொண்டு, தீனி எடுக்காமல் நிற்கிறது. இவ்வளவுக்கும் நாளைய சண்டைமேல் ஆசை விட்டபாடில்லை. இரண்டும் ஒரே மனசில் கிடப்பதை நப்பூதனார் பூசி மெழுகவில்லை.

நக்கீரரின் நெடுநல்வாடையில் வாடைக்காற்று வீசும் நடுச்சாமம். அரசன் சிலரோடு பாசறையைச் சுற்றி வருகிறான். வேப்பந்தழை கட்டிய வேலோடு முன்னே போகிறவன் புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். வேம்பு பாண்டியர் அடையாளம், நம் சீமைக்காரர்கள்! அந்த வேம்பை வைத்துத்தான் இந்தப் பாட்டை உரைகாரர் புறத்தில் சேர்த்தார். எனக்கு அகமா புறமா என்ற அந்த வழக்கைவிட, தூங்காமல் சிப்பாயின் புண்ணைப் பார்க்கப் போனவன்தான் முக்கியம்.

உடம்புப் புண்ணைக் காட்டலாம், மனசுப் புண்ணை? முதல் உலகப் போரில் நடுங்கியவர்களையும் பேச்சிழந்தவர்களையும் கோழைகள் என்றார்கள். 1917-ல் எடின்பரோ அருகே க்ரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் இப்படிப்பட்ட அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நம் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆய்ந்து, 1906-ல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய அதே ரிவர்ஸ்தான். 'மறந்துவிடு' என்பதே அன்றைய அறிவுரை. அடக்கி வைத்தால் அது கனவில் வரும், வாய்விட்டுப் பேசு என்றார் இவர். கவிஞர் சாசூன் அவருடைய நோயாளி. அங்கே சாசூனைச் சந்தித்த வில்ஃப்ரெட் ஓவன் போர்க்கவிதையின் போக்கையே மாற்றினார். ஓவன் மறுபடி களத்துக்குப் போய் 1918 நவம்பர் 4-ல், போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், 25 வயதில் இறந்தார்.

நீ மெட்ராஸ் ரெஜிமென்டுக்குப் போனால் பயிற்சி வெலிங்டனில், அதே நீலகிரி மலைதான். லீவில் வரும்போது தூக்கம் வராவிட்டால் பாட்டிலைத் தேடாதே, என்னிடம் சொல். வீட்டாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இந்த இரண்டு பாட்டும் உள்ள பத்துப்பாட்டை அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். முல்லைப்பாட்டிலிருந்து தொடங்கு, 103 அடிதான்.

அன்புடன்,
மாமா