தோட்டா தீர்ந்துபோன தேசம்: பயத்துல வாங்கினா பர்ஸ் எப்படிக் காலியாகும்?



"விலை ஏறப்போகுது, இப்பவே வாங்கிடு!" இந்த ஒரு வரியை நம்பி எத்தனை தடவை பணத்தை எடுத்திருக்கீங்க? தங்கம், ஃபிளாட், ஃபோன், ஷேர்னு ஏதாவது ஒண்ணுக்காவது எடுத்திருப்பீங்க. அந்த வரி ஒரு முழுச் சந்தையையே எப்படி ஆட்டிவைக்கும்னு இன்னைக்குப் பார்க்கலாம். அதுக்கு நாம எடுத்துக்கப்போற பொருள், அமெரிக்காவில் விற்கும் துப்பாக்கித் தோட்டா.

ஏன் தோட்டா? நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. அதனால நமக்கு அதுமேல ஆசையும் இல்லை, பயமும் இல்லை. நடந்ததை நிதானமா பார்க்கலாம்.

முதல் காட்சி: 2012 டிசம்பர்

2012 டிசம்பர் 14-ல் கனெக்டிகட் மாநிலத்தில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. நாடே அதிர்ந்தது. துப்பாக்கிச் சட்டம் கடுமையாகும்னு பேச்சு கிளம்பியது. உடனே துப்பாக்கி வைத்திருந்த பலர் கடைக்கு ஓடினாங்க: "நாளைக்குக் கிடைக்காது, இன்னைக்கே வாங்கி வை."

அதிகமா அடிபட்டது .22 தோட்டா. ரொம்பச் சின்னது, மலிவானது. சுடக் கத்துக்கிறவங்க முதல்ல பயன்படுத்துறது இதைத்தான். 20 டாலர் சொச்சத்துக்கு 500 தோட்டா கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி கடையில் இல்லாம போச்சு. வெளியே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்றது. காலையில கடை திறந்ததும் இருக்கிறதை எல்லாம் அள்ளிட்டு, வார இறுதியில் கூடுதல் விலைக்கு விற்கும் ஆட்கள் முளைத்தாங்க. வால்மார்ட், ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 3 பெட்டிதான்னு கட்டுப்பாடு போட்டது. சில ஊர்களில் காவல்துறையே பயிற்சியைக் குறைக்க வேண்டியதாயிற்று.

நடுவுல ஒரு வதந்தி வேற: "அரசாங்கமே மொத்தத் தோட்டாவையும் வாங்கிக் குவிக்குது." 2014-ல் வந்த அரசுத் தணிக்கை அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தோட்டா கொள்முதல் 2009-க்குப் பிறகு குறைந்துதான் இருந்தது.

சரி, அந்தக் கடுமையான சட்டம் வந்ததா? சில மாநிலங்களில் வந்தது. ஆனா நாடு முழுக்கப் பொருந்தும் மசோதா 2013 ஏப்ரலில் செனட்டில் தேவையான 60 ஓட்டு கிடைக்காம தோற்றது. பயந்த விஷயம் பெரும்பாலும் நடக்கலை. ஆனா .22 தட்டுப்பாடு 2014-லயும் தொடர்ந்தது. ஏன்னா இப்போ ஜனங்க பயந்தது சட்டத்துக்கு இல்லை, காலியான அலமாரிக்கு. தட்டுப்பாடு பயத்தை உண்டாக்குது, பயம் தட்டுப்பாட்டை உண்டாக்குது.

இரண்டாவது காட்சி: 2020

கொரோனா, தெருப் போராட்டங்கள், அதிபர் தேர்தல் மூணும் ஒரே வருஷத்துல வந்தது. துப்பாக்கி வாங்குறவங்களுக்கான பின்னணிச் சோதனைகள் 2019-ல் சுமார் 2.8 கோடி. 2020-ல் கிட்டத்தட்ட 4 கோடி. பல லட்சம் பேர் வாழ்க்கையில முதல் தடவையா துப்பாக்கி வாங்கினாங்க.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 50 லட்சம் புதியவர்கள் ஆளுக்கு இரண்டே பெட்டி, அதாவது 100 தோட்டா வாங்கினா எவ்வளவு? 50 கோடி தோட்டா! இதுல யாரும் பதுக்கல்காரர் இல்லை. ஒவ்வொருத்தரும் கொஞ்சமாத்தான் வாங்கியிருக்காங்க. எல்லாரும் ஒரே நேரத்துல வாங்கினதுதான் பிரச்சினை.

விலை என்ன ஆச்சு? கைத்துப்பாக்கிக்கான 9 மி.மீ. தோட்டா, தட்டுப்பாட்டுக்கு முன்னாடி சுமார் 20 சென்ட். 2021 தொடக்கத்தில் 70 சென்ட்டையும் தாண்டியது.

கம்பெனிகள் ஏன் கூடுதலா தயாரிக்கலை?

நம்மில் பலர் உடனே கேட்கிற கேள்வி இது. பதில் 2016-ல இருக்கு. அந்தத் தேர்தலில் ஹிலாரி கிளின்டன் ஜெயிச்சா சட்டம் வரும்னு பயந்து ஜனங்க வாங்கிக் குவிச்சாங்க. டிரம்ப் ஜெயிச்சார். பயம் போச்சு, கூடவே டிமாண்டும் போச்சு. கடைகளில் சரக்கு தேங்கியது, விலை இறங்கியது. 200 வருஷப் பழமையான ரெமிங்டன் கம்பெனி 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டது. இன்னொரு தடவை கேட்டது 2020 ஜூலையில, அதாவது ஊரே தோட்டாவுக்கு அலைந்த அதே வருஷம்!

இதையெல்லாம் பார்த்த முதலாளி, ஒரு வருஷப் பயத்தை நம்பி புது மெஷினுக்குக் கோடிக்கணக்குல கடன் வாங்குவாரா? தேவை குறைந்த பிறகும் இஎம்ஐ நிற்காதே. ஒரு வருஷம் நல்ல போனஸ் வந்ததை நம்பி 5 வருஷக் கார் லோன் எடுக்கிறவங்க, இந்த இடத்தை இன்னொரு தடவை படிங்க.

மேல, தோட்டாவைப் பற்றவைக்கிற பிரைமர்ங்கிற சின்னப் பாகத்தை அமெரிக்காவில் தயாரிக்கிறது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய ஆலைகள்தான். அது இல்லாம, மற்ற எல்லாம் இருந்தும் தோட்டா கிடையாது.

இரண்டு பேர், ஒரு கணக்கு

இது உதாரணம்தான். இரண்டு பேருமே பயிற்சிக்காக மாசம் 200 தோட்டா சுடுறவங்க.

முதல் ஆள் 2021 தொடக்கத்தில் பயந்து, 75 சென்ட் விலையில 5,000 தோட்டா வாங்குறார். 3,750 டாலர். சாதாரண விலையில் அது 1,000 டாலர்தான். மொத்தமும் தீர 25 மாசம் ஆகும். பாதி மிச்சம் இருக்கும்போதே சந்தை விலை கிட்டத்தட்ட பாதியா இறங்கிடுச்சு. 2023-ல் 25 சென்ட் அளவுக்கு வந்தது.

இரண்டாவது ஆள் 2019-லயே, 20 சென்ட் விலையில 6 மாசத் தேவையான 1,200 தோட்டாவை வாங்கி வைத்திருந்தார். செலவு 240 டாலர். தட்டுப்பாடு வந்ததும் பயிற்சியை மாசம் 100-ஆக் குறைத்தார். ஒரு வருஷம் கடை பக்கமே போகலை. அதுக்கப்புறம் இரண்டு வருஷம், மாசம் 100 மட்டும் வாங்கினார். விலை 75 சென்ட்டிலிருந்து இறங்கவே இல்லைன்னு வெச்சாக்கூட 1,800 டாலர்தான். உண்மையில இறங்கினதால அதைவிடக் குறைவு.

இவர் பயிற்சியில பாதியை விட்டுக்கொடுத்தார், அதை மறைக்க வேண்டாம். ஆனா உச்ச விலையில மொத்தப் பணத்தையும் மாட்டிக்கலை. பஃபர் உங்களை முழுசா காப்பாத்தாது, யோசிக்க நேரம் வாங்கிக் கொடுக்கும். நம்ம எமர்ஜென்சி ஃபண்ட் செய்கிற வேலையும் அதேதான்.

"அப்போ 2019-ல 10,000 தோட்டா பதுக்கினவர் ஜெயிச்சாரே ப்ரோ?" ஜெயிச்சார். ஆனா 2016-ல பதுக்கினவர் தோத்தார். ஜெயிச்சவர் கதை மட்டும்தான் நம்ம காதுக்கு வரும்.

நமக்கான நாலு பாடம்

1. பஃபர் அமைதியான காலத்துல கட்டணும். 6 மாசச் செலவுக்கான பணத்தை வேலை பத்திரமா இருக்கும்போதே சேர்த்துடுங்க. லே-ஆஃப் மெயில் வந்த பிறகு சேர்க்க முடியாது.

2. தேவையை எண்ணிக்கையில எழுதுங்க. "கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்"னு வாங்காதீங்க. மாசத்துக்கு எவ்வளவு, எத்தனை மாசத்துக்குன்னு எழுதினா, பயத்துக்கு எல்லை வந்துடும்.

3. கிரெடிட் கார்டுல பயத்தை வாங்காதீங்க. மூணு மடங்கு விலையோட வட்டியும் சேர்ந்தா, பொருள் தீர்ந்தாலும் கடன் தீராது.

4. பரபரப்பை வைத்து ஷேர் வாங்காதீங்க. தோட்டா தயாரித்த விஸ்டா அவுட்டோர் பங்கு, 2020 மார்ச்சில் 10 டாலருக்குக் கீழே இருந்தது. 2021-ல் 40-ஐத் தாண்டியது. அப்போ உள்ளே போனவங்க, அடுத்த வருஷம் இறக்கத்தைப் பார்த்தாங்க. (இது பங்குப் பரிந்துரை இல்லை.)

அடுத்த தடவை "இப்பவே வாங்கிடு"ன்னு யாராவது அவசரப்படுத்தினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது எனக்குத் தேவையா, இல்லை மத்தவங்க வாங்குறாங்கன்னு வாங்குறேனா?" பதில் உடனே வரலைன்னா, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவு பண்ணுங்க.

உங்க எமர்ஜென்சி ஃபண்ட் இன்னைக்கு எத்தனை மாசம் தாங்கும்? ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அதை எங்கே போட்டு வைக்கணும்னு அடுத்த வீடியோவில் பேசுவோம்.