கானாங்கெளுத்தியும் கைத்தூண்டிலும்

எங்கள் நாரணாபுரத்தார்க்கு மீன் என்றால் கண்மாய் மீனே. மழை பெய்து கண்மாய் பெருகிய ஆண்டில் கெண்டையும் விராலும் கிடைக்கும்; பெய்யாத ஆண்டில் கருவாடே துணை. சிவகாசியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் மழை அருகியே பெய்யும். அவ்வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் ஏற்ற உலர்ந்த காற்றைத் தந்து எம்மவரை வாழ்விக்கின்றது. ஆயினும் கடல் எமக்கு எட்டாத தொலைவில் இல்லை. சாத்தூர், விளாத்திகுளம் வழியாகச் சென்றால் அரைநாட் பொழுதிற்குள் மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள வேம்பாரை அடையலாம். அங்கே யான் கற்ற பாடம் ஒன்றை மாணவர்க்குக் கூற விழைகின்றேன்.

அப்பாடத்தைக் கற்பித்தது கானாங்கெளுத்தி என்னும் மீன். பெயரின் ஈற்றில் கெளுத்தி என்று இருப்பதால், அதற்கும் மீசை உண்டோ என்று என் வகுப்பில் ஒரு மாணவன் வினவியதுண்டு. மீசை இல்லை, ஆற்றுக் கெளுத்திக்கும் இதற்கும் உறவும் இல்லை. நாகப்பட்டினத்துப் பக்கம் இதனைக் காணாங்கத்தை என்பர். இலங்கைத் தமிழர் கும்பளா என்பர். மலையாள நாட்டார் அயில என்பர். தெலுங்கர் வழங்கிய கானகுர்த்த என்னும் பெயரையே, பிரெஞ்சு நாட்டு அறிஞர் கூவியே 1816ஆம் ஆண்டில் இம்மீனுக்கு அறிவியற் பெயராக்கினார். மலையாளத்தில் இன்று வழங்கும் பெயர் நம் பழந்தமிழில் அயிலை என நின்ற சொல்லே. அகநானூற்று அறுபதாம் பாட்டில், நெடுந்திமிலில் மீன்பிடிக்கும் தந்தைக்கு அவருடைய இளமகள் சோறு கொண்டு தருகின்றாள். அச்சோறு உப்பை விற்றுப் பெற்ற நெல்லின் சோறு. அதன்மேற் சொரிந்தது அயிலை மீன் இட்டுச் சமைத்த புளிக்குழம்பு. சேரரின் தொண்டிக் கடற்கரையில் அன்று கொதித்த குழம்பே இன்றும் நம் அடுப்பில் கொதிக்கின்றது என்று எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடும்.

இம்மீன் பெரும்பாலும் ஒரு சாண் நீளமே இருக்கும். முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி. முதுகின் இருமருங்கும் கரிய கோடுகள் நீளவாட்டில் ஓடும். வாலை அடுத்து மேலும் கீழும் ஐந்தைந்து சிறு துடுப்புகள் இருத்தலைக் கொண்டு இதனை எளிதில் அறியலாம். செவுளைத் திறந்து நோக்கினால் உள்ளே இறகு போன்ற நீண்ட சீப்புகள் அடர்ந்திருக்கும். வாயைத் திறந்தபடியே நீந்தி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அச்சீப்புகளால் வடித்து உண்பது இதன் இயல்பு. வளர்ந்த மீனோ சிறு இறாற் குஞ்சுகளையும் மீன் குஞ்சுகளையும் விரட்டிப் பிடிக்கும். அதனாலேதான் தூண்டிலுக்கு அகப்படுகின்றது.

குளிர்ந்த கடல்களையுடைய ஸ்காட்லாந்து, அயர்லாந்து முதலிய நாடுகளில் இதன் உறவினமாகிய வேறொரு மீன் உண்டு. அந்நாட்டுப் பாறைக் கரைகளை ஒட்டிக் கெல்ப் என்னும் பழுப்புப் பாசி காடுபோல் வளர்ந்திருக்கும். கோடைக்காலத்தில் அக்காட்டின் ஓரமாக இரை தேடி வரும் மீனை, இறகு கட்டிய தூண்டிலால் மக்கள் பிடிப்பர். கலிபோர்னியாக் கரையில் அவ்வினப் பாசி நாளொன்றுக்கு ஒன்றரை முழம்கூட வளர வல்லது என்பர். நம் கடலின் வெப்பத்தை அது தாங்காது. நமக்கு வாய்த்தவை வேறு பாசிகள். மன்னார் வளைகுடாவின் பார்களில் கட்டக்கோரையும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் வளர்கின்றன. பார் என்பது கடலடியிலுள்ள பாறைத் திட்டு. முத்துச்சிப்பி விளையும் திட்டையும் பார் என்றே வழங்குவர். கட்டக்கோரை முழங்கால் உயரமோ சற்று மிகுதியோ வளரும். அதன் இலைகளினிடையே மிளகுபோன்ற காற்றுக் குமிழ்கள் இருந்து அதனை நிமிர்த்தி நிறுத்தும். அதன் நிழலில் நுண்ணிய இறாலும் மீன் குஞ்சும் ஒதுங்குகின்றன. அவற்றை நாடிப் பெருமீன் பாரின் விளிம்பிற்கு வருகின்றது.

1994ஆம் ஆண்டு மாசித் திங்கள் இறுதியில், ஒரு சனிக்கிழமை விடியலில், வேம்பாரில் ஒரு வள்ளத்தில் ஏறினேன். மறுநாள் ஞாயிறு, அவ்வூரார் அன்று தொழிலுக்குச் செல்லார். வள்ளத்துக்குரிய முதியவர் என்னினும் இருபது ஆண்டு மூத்தவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் கடலை ஏடுபோல் படிக்க வல்லவர். தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக இருப்பதால், அதன் எல்லைக்குள் வள்ளத்தைச் செலுத்தாது, கரையை ஒட்டிய பார் ஒன்றன் விளிம்பில் நிறுத்தினார்.

தூண்டிலோ மிக எளியது. மெல்லிய தங்கூசி நூல் ஒன்று. அதன் நுனியில் சிறு ஈயக்குண்டு. அதற்கு மேல் சாண் இடைவெளி விட்டு ஐந்து சிறு முட்கள். முட்களில் இரை இல்லை. வெண்ணிறக் கோழியிறகின் துணுக்குகளையே கட்டியிருந்தார். என் சட்டைப் பையில் பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் பளபளப்புத் தாளின் நறுக்கு ஒன்று கிடந்தது. நூலிற் பக்க அடையாளமாக யான் வைத்திருந்தது. அதனைக் கண்ட முதியவர் கைந்நீட்டி வாங்கி, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து இரண்டு முட்களில் கட்டினார். “சிவகாசிச் சரக்கை இந்த மீனும் பார்க்கட்டும் ஐயா” என்று நகைத்தார்.

சிறிது பொழுதில் நீரின் மேற்புறம் ஓரிடத்தில் மட்டும் கருத்து, மழைத்துளி விழுவதுபோல் சிலிர்த்தது. முதியவர் நூலை இறக்கி, கையை மேலும் கீழும் மெல்ல அசைத்தார். இறகும் தாளும் மீன் குஞ்சுபோல் நீரில் மின்னின. நூல் துடித்தது. என்னிடம் தந்தார். ஆர்வ மிகுதியால் வெடுக்கென்று இழுத்தேன், மீன் போயிற்று. மீண்டும் இழுத்தேன், மீண்டும் போயிற்று. “ஐயா, சுண்டாதீர்கள். அதன் வாய் பூப்போன்றது, கிழிந்துவிடும். நூலைத் தளரவும் விடாதீர்கள், இறுக்கவும் செய்யாதீர்கள். ஒரே சீராகத் தூக்குங்கள்” என்றார். பருமனான நூலும் பெருமுள்ளும் இம்மீனுக்கு ஏன் ஆகா என்பது அப்போதே விளங்கிற்று. பருநூலைக் கண்டால் மீன் அஞ்சி விலகும்; அன்றியும் கையின் முரட்டுத்தனத்தை அது அப்படியே மீனின் வாய்க்குக் கொண்டு செல்லும். மூன்றாம் முறை ஒரே நூலில் மூன்று மீன்கள் வெள்ளியாய்த் துள்ளி ஏறின. அரைநாழிகையில் கூட்டம் கடந்து சென்றது. அதற்குள் இருபதுக்குமேல் கிடைத்தன. விரற்கடை அளவே இருந்த நான்கைந்தை முதியவர் உடனே கடலில் விட்டார். கேரள அரசு 14 சென்டிமீட்டருக்குக் குறைந்த அயிலையைப் பிடித்தலாகாது என விதித்தது அதற்குப் பல ஆண்டுகட்குப் பின்னரே.

இனி என் பிழையைக் கூறுகின்றேன். கரையேறியதும் முதியவர், “பனிக்கட்டி வாங்கிப் போட்டுக்கொண்டு போங்கள் ஐயா” என்றார். சில உரூபாய்ச் செலவை எண்ணி, “ஈர ஓலை போதும்” என்று கூறி, மீனை ஓலைப்பெட்டியில் இட்டு மூடினேன். நண்பர் ஒருவர் வீட்டில் காலையுணவு. பேருந்துக்குக் காத்திருந்தது ஒரு மணி. சாத்தூரில் மறுபடியும் ஒரு மணி. வீடு சேரப் பிற்பகல் மூன்று. மீனின் கண் தெளிவாகவே இருந்தது; நாற்றமும் இல்லை. இரவு அனைவரும் உண்டோம். கை கழுவிய சற்று நேரத்தில் எட்டு வயதான என் மகளின் முகமும் கழுத்தும் செக்கச் செவேலெனச் சிவந்தன. வாய் எரிகின்றது என்றாள், தலை இடிக்கின்றது என்றாள், நெஞ்சு படபடத்தது. எங்களுக்கும் அவ்வாறே, சற்றுக் குறைவாக. அவளைத் தோளிற் சுமந்து மருத்துவரிடம் ஓடிய அவ்விரவை இன்றும் மறந்திலேன்.

மருத்துவர் ஊசியிட்டபின், மீன் எப்போது பிடித்தது, எவ்வாறு கொணர்ந்தீர் என்று வினவி, உண்மையை விளக்கினார். இவ்வின மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. வெப்பத்தில் கிடக்கும்போது நுண்கிருமிகள் அதனை ஹிஸ்டமின் என்னும் நஞ்சாக மாற்றிவிடும். மீன் அழுகு முன்னரே அது தோன்றலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாது. எத்துணைக் கொதிக்க வைத்தாலும் அழியாது. உப்பும் புளியும் அதனை மாற்றா. பிடித்தவுடன் குளிர்வித்தல் ஒன்றே காப்பு. விடிவதற்குள் மகள் தெளிந்து உறங்கினாள். யான் உறங்கவில்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் வேம்பார் சென்றேன். இம்முறை மீனின் எடைக்கு ஒத்த எடை பனிக்கட்டியை நொறுக்கி, அடியில் ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு, மேலும் பனிக்கட்டி என மூடியுள்ள பெட்டியில் நிரப்பினேன். உருகும் நீர் வடிய ஒரு துளை. செவுளும் குடலும் கரையிலேயே நீக்கப்பட்டன. முதியவர் ஒன்றும் கூறாது பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவியார் மீனைக் கல்லுப்பு இட்டுத் தேய்த்து அலசி, வயிற்றின் உட்புறத்துக் கருஞ்சவ்வை உரித்தெடுத்தார். அச்சவ்வை விட்டால் குழம்பு கசக்கும். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கினார். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்த விழுதைப் புளிக்கரைசலில் கலந்து ஊற்றிப் பச்சை வாடை நீங்கக் கொதிக்கவிட்டார். எண்ணெய் மேலே மிதந்த பின்னரே தேங்காய்ப் பாலும் மீனும் சேர்ந்தன. மீன் விழுந்தபின் கரண்டி கூடாது; சட்டியை இருகையாலும் பிடித்துச் சுழற்றுதலே முறை. பத்து நிமிடத்திற்குள் இறக்கிவிட வேண்டும். பொழுது மிகுந்தால் தசை நாராகும். சில மீன்களைக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சைச் சாறும் பூசித் தோசைக்கல்லில் வறுத்தார். இம்மீனில் நெய்ப்பு மிகுதியாதலின் எண்ணெய் சிறிதே போதும்.

மறுநாட் குழம்பே சுவை மிக்கது என்பர். ஆனால் அன்றிரவே அது தீர்ந்தது. என் மகள் முதலில் தட்டைத் தொடவில்லை. “அப்பா, ஐஸ் போட்டீர்களா?” என்று கேட்டாள். பெட்டியைத் திறந்து, அடியில் இன்னும் உருகாது கிடந்த துண்டு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அது உருகித் தீரும்வரை பார்த்திருந்துவிட்டு, நடுத்துண்டு வேண்டும் என்றாள்.