திறந்திருந்த பலகணி

மலைப்பிரசங்கத்தைக் கற்கும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், விளக்கை மரக்காலின்கீழ் மறையாது தண்டின்மேல் வைக்குமாறு நம் ஆண்டவர் பணிக்கின்றார். 6-ஆம் அதிகாரத்திலோ, ஈகையும் செபமும் நோன்பும் மனிதர் காணவேண்டுமென்று செய்யப்படலாகா என விலக்குகின்றார். அங்ஙனமாயின், நமது விசுவாசம் உலகத்தார்க்குப் புலனாகவேண்டுமா, மறைந்திருக்கவேண்டுமா?

இவ்வையம் எமக்கு ஏட்டினின்று மட்டும் எழுந்ததன்று. சென்ற ஆண்டு விடுதி உணவுச்சாலைக் கணக்கு எமது பொறுப்பிலும் நண்பர் ஒருவர் பொறுப்பிலும் இருந்தது. மளிகை வணிகர் ஒருவர், வாங்கிய விலையினும் மிகுத்துப் பட்டியல் எழுதித் தருவதாகவும், மிகுதியை யாங்களே வைத்துக்கொள்ளலாமென்றும் கூறினார். யாம் உடன்படவில்லை. ஆயின், நண்பர் அத்தகைய பட்டியல் ஒன்றைப் பெற்றபோது யாம் வாய்திறக்கவுமில்லை. 'நம் கை தூயது. பிறரைத் திருத்தப் புகுதல் தற்பெருமையாகும்' என எமக்கு யாமே அமைதி கூறிக்கொண்டோம். அதற்கு 6-ஆம் அதிகாரத்தையும் துணைக்கு அழைத்தோம். அம்மிகுதித் தொகையை விடுதி மாணவர் அனைவருமே சுமந்தனர். கடன் வாங்கிக் கட்டணஞ் செலுத்துவோரும் அவருள் உளர். அடக்கமென்று யாம் கருதியது அச்சமே என்பது பின்னரே புலனாயிற்று.

இரண்டு அதிகாரங்களையும் முன்பின் நோக்கிக் கற்பின் ஐயம் நீங்கும். நீதியினிமித்தம் துன்புறுத்தப்படுவோர் பேறுபெற்றோர் என்று கூறிய சிறிது பின்னரே விளக்கின் உவமை வருகின்றது. ஆகவே அது அஞ்சி ஒளிப்பார்க்கு உரைத்தது. பின்னையதோ, தெருக்களில் தாரை ஊதுவித்துப் புகழ் தேடுவார்க்கு உரைத்தது. மேலும், வீட்டில் விளக்கேற்றுவது அங்குள்ளோர் தத்தம் பணியைச் செய்தற்கே. விளக்கையே பார்த்துக்கொண்டிருத்தற்கு அன்று.

இவ்விரு கட்டளைகளும் ஒருவர் வாழ்வில் ஒருங்கே அமைந்தமையைத் தானியேல் ஆகமம் 6-ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். அரசனுக்கு நட்டம் நேராதபடி 120 தேசாதிபதிகளிடமும் கணக்குக் கேட்கும் மூன்று பிரதானிகளுள் தானியேல் ஒருவர். அவர்மீது பகைகொண்டோர் அரசாங்க வேலையில் ஒரு குற்றமுங் காணாமையால், அவரது வழிபாட்டையே குற்றமாக்கும் ஆணையொன்றைப் பிறப்பிக்கச் செய்தனர். ஆணை பிறந்தது அறிந்தும், தானியேல் தமது மேலறையில் எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணிகளின் அருகே, முன் செய்துவந்தவாறே நாள்தோறும் மூன்று வேளை முழந்தாளிட்டார். ஆணைக்கு அஞ்சிப் பலகணியை அடைத்திருப்பின் அது மறுதலிப்பு. ஆணையை இகழ்தற்கென்றே புதிதாக ஒன்றைத் திறந்திருப்பின் அது ஆரவாரம். அவர் இரண்டும் செய்திலர். பகைவர் கண்ட பக்திக்கு முன்னரே, அவர்கள் குறைகாண இயலாத கணக்கு ஒன்று இருந்தது என்பதும் நாம் கருதற்பாலது.

நம் தமிழ்நாட்டிலும் அத்தகைய சான்று உண்டு. 1826-இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்த வேதநாயகம் பிள்ளை, 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் என்பது யாவரும் அறிந்ததே. அவர் மாயூரத்தில் முனிசீப்பாக இருந்தவர். 1859-இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்து பாடினார். நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர் கைக்கூலியைப் பழித்துத் தம் பெயரால் நூல் வெளியிடுதல் எளிய செயலன்று. ஊரார் அனைவரும் தம் கையை உற்றுநோக்குமாறு அவரே அழைத்துக்கொண்டதாகும். 1876 முதல் 1878 வரை நேர்ந்த கொடிய பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோரைப் புரந்தார். அவ்வறத்தைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவர், நந்தனார் சரித்திரம் இயற்றிய சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார். அயற்சமயத்தாரும் மகிழ்ந்து ஏற்கும் ஒளி அது.

நண்பர்காள்! தேர்வு மண்டபத்தில், கணக்கேட்டில், பின்னர் அமரப்போகும் அலுவலகத்தில், மணம்பேசுங்கால் வரதட்சிணை கேட்கும் பெற்றோர்முன்—நம் பலகணி திறந்துள்ளதா என்பது இவ்விடங்களிலேயே தெரியவரும். கோயிலிற் பாடும் நம் குரலை உலகத்தார் கேட்கமாட்டார். நாம் எழுதும் பட்டியலை அவர் படிப்பர்.

எமது செய்தியையும் முடித்துவிடுகின்றோம். காலந்தாழ்த்தேனும், மத்தேயு 18-ஆம் அதிகாரம் கற்பிக்கிறபடி, யாம் நண்பரைத் தனியே கண்டு பேசினோம். எமது மௌனத்தின் குற்றத்தையே முதலிற் கூறினோம். தொகை உணவுச்சாலைக்குத் திரும்பிவிட்டது. நட்பு இன்னும் முழுவதுந் திரும்பவில்லை. அன்றே பேசியிருப்பின் ஒருவேளை இரண்டும் நிலைத்திருக்கும். அடைத்த பலகணியை மீண்டுந் திறத்தல் அரிது. திறந்திருப்பதை அடையாதிருத்தலே எளிது.