பழைய வாளியில் மண்புழுப் பசளை

காணியை விட்டு வந்தவர்களால் எருக் குவியலைத் தூக்கி வர முடிவதில்லை. தங்கியிருக்கும் இடத்தில் நாலு மிளகாய்க் கன்று வைப்போமென்றால் மண் வெறும் மணலாக அல்லது கிரவலாக இருக்கிறது. பசளை வாங்கக் காசில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது காசுள்ளவர்களும் அலைந்தார்கள். ஆனால் அடுப்படியில் நாம் நாளாந்தம் எறியும் கழிவையே மண்புழுக்கள் நல்ல பசளையாக்கித் தரும். வாளியில் வளர்த்தால் இடம் மாறும்போது தூக்கிக்கொண்டும் போகலாம்.

தேவையானவை

ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் இரண்டு பழைய பிளாஸ்டிக் வாளிகள், இரண்டு சிரட்டைகள், சாக்குத் துண்டு, தென்னந்தும்பு, கிழித்த பத்திரிகைத் தாள், பழைய மாட்டெரு, இரண்டு கைப்பிடி மண்புழு. கிருமிநாசினி இருந்த வாளி கூடவே கூடாது.

ஈரமான எருக் குவியலின் அடியிலும் வாழையடியிலும் மேலாக வாழும் சிவந்த புழுக்களே ஏற்றவை. ஆழக் கொத்தும்போது வரும் புழுக்கள் வாளியில் நிலைக்கமாட்டா.

செய்முறை

1. சூடாக்கிய ஆணியால் ஒரு வாளியின் அடியிலும், மேல் விளிம்பை ஒட்டியும் துளையிடுங்கள்.

2. மற்ற வாளிக்குள் சிரட்டைகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் துளையிட்ட வாளியை இறக்குங்கள். வடியும் நீர் கீழே சேரும்.

3. நனைத்துப் பிழிந்த தும்பும் தாளும் நாலு அங்குலத்துக்கும், அதன்மேல் எரு மூன்று அங்குலத்துக்கும் இடுங்கள். புதுச் சாணம் சூடேறிப் புழுவைக் கொல்லும். இரண்டு வாரம் ஆறவிட்ட பின்பே பாவியுங்கள்.

4. புழுக்களை விட்டு, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள்.

உணவும் ஈரமும்

மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக் கோது என்பவற்றைச் சிறிது சிறிதாகப் புதையுங்கள். முன்பு போட்டது குறைந்த பின்பே அடுத்தது. மீன், இறைச்சி, எண்ணெய், உப்பு, மிளகாய், தேசிக்காய்த் தோல், சாம்பல் வேண்டாம்.

புழு தோலால் சுவாசிக்கிறது, காய்ந்தால் இறந்துவிடும். ஒரு பிடியைப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வரவேண்டும். நாற்றம் எடுத்தால் உணவும் நீரும் கூடிவிட்டன. உணவை நிறுத்திக் காய்ந்த சருகு கலவுங்கள்.

எறும்பு ஏறாதிருக்க வாளியைத் தண்ணீர்த் தட்டில் வைத்த கல்லின்மேல் வையுங்கள். தட்டு நீரையும் வடிநீரையும் மூன்று நாளைக்கொருமுறை அகற்றுங்கள். தவறினால் டெங்கு நுளம்பு பெருகும்.

பசளை எடுத்தல்

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கழிவு கறுத்த, மண்வாசனையுள்ள தூளாகும். அதை வெளிச்சத்தில் கூம்பாகக் குவியுங்கள். வெளிச்சத்துக்கு அஞ்சிப் புழுக்கள் அடியில் இறங்க, மேலிருந்து வழித்தெடுக்கலாம். உரப்பையில் கன்று நடும்போது மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சேருங்கள். வடிநீருடன் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மிளகாய், கத்தரியின் அடியில் ஊற்றலாம். வல்லாரை போலப் பச்சையாக உண்பவற்றுக்கு வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

புழு பெருகியதும் இரண்டு கைப்பிடியை அயல் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

கலந்து பேசுவோம்

• நம் வீட்டில் ஒரு நாளில் எறியும் கழிவு எவ்வளவு?
• நம் பகுதியில் சிவந்த புழு எங்கே கிடைக்கும்?
• முதல் வாளியை யார் தொடங்குவது?