ஆயிரம் ரூபாய் ஹெட்செட்டை நன்றாகப் பாடவைப்பது எப்படி?

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி எந்தச் செல்போன் கடைக்குப் போனாலும் சரம் சரமாக ஹெட்செட் தொங்கும். மதுரைக்குக் கல்லூரி போகும் பிள்ளைகள், வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கு ஷிஃப்ட் வேனில் போகிறவர்கள் என்று வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பேஸ் நல்லா இருக்குமாண்ணே?” என்பதுதான். கடைக்காரரும் “சும்மா அதிரும்” என்பார். ஆறு மாதத்தில் ஒரு பக்கம் ஊமையாகிவிட, அடுத்தது வாங்க அதே கடைக்குப் போவோம்.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர அதிகப் பணம் வேண்டியதில்லை. காதுக்குள் நுழைகிற ரகத்தில், 500 முதல் 2,000 ரூபாய்க்குள்ளேயே இன்று தரமான ஒலி கிடைக்கிறது. அதற்கு மேல் செலவழிப்பதைவிட, வாங்கியதைச் சரியாக மாட்டி, ஈக்குவலைசரைத் திருத்துவதில்தான் லாபம் அதிகம்.

1. வயரா, புளூடூத்தா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே விலையில் ஒலித்தரம் மட்டும்தான் முக்கியம் என்றால் வயர் வைத்ததை வாங்குங்கள். புளூடூத் பட்ஸில் உங்கள் காசு பேட்டரி, சிப், சார்ஜ் டப்பா என்று பங்கு பிரிந்துபோகிறது. அந்தப் பொடிப் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்தால் மாற்றவும் வழியில்லை. கேம் ஆடும்போது துப்பாக்கிச் சத்தம் பிந்தி வருவதும் புளூடூத்தின் குணம். வேலைக்கு நடுவே போன் பேசத்தான் பெரும்பாலும் என்றால் மட்டும் புளூடூத் சௌகரியம். அப்போதும் ஈக்குவலைசர் உள்ள செயலியோடு வரும் மாடலாகப் பாருங்கள்.

உங்கள் போனில் 3.5 மி.மீ. ஓட்டை இல்லையென்றால் டைப்-சி கன்வெர்ட்டர் வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டி.ஏ.சி. என்ற சிப் உள்ளேயே இருக்கும். மற்றது வெறும் கம்பி இணைப்பு. இரண்டாவது வகை பல போன்களில் வேலையே செய்யாது. பெட்டியில் டி.ஏ.சி. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பாட்டுக் கேட்டபிறகு காசைக் கொடுங்கள்.

2. பெட்டியில் எழுதியிருப்பதைச் சலித்துப் படியுங்கள்

‘எக்ஸ்ட்ரா பேஸ்’, ‘எச்டி சவுண்ட்’ என்பதெல்லாம் விளம்பரம். 10 மி.மீ. டிரைவர் என்பது ஒலியெழுப்பும் பாகத்தின் அளவைச் சொல்லுமே தவிர, தரத்தைச் சொல்லாது. ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பது 150 ரூபாய் ஹெட்செட்டின் அட்டையிலும் இருக்கும். உண்மையில் பார்க்க வேண்டியவை நான்கு.

• வயர் கழற்றக்கூடியதா? முதலில் உயிரை விடுவது வயர்தான். 0.78 மி.மீ. இரண்டு பின் வகையென்றால் வயரை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.
• மைக் உள்ளதா? பல மாடல்கள் மைக்கோடும் மைக் இல்லாமலும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. பார்க்காமல் வாங்கிவிட்டு, போனில் பேச முடியவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு.
• சிறிது, நடுத்தரம், பெரிது என்று குறைந்தது மூன்று ஜோடி ரப்பர் கூட வருகிறதா?
• இம்பீடன்ஸ் என்ற மின்தடை 16 முதல் 32 ஓம் அளவில் இருக்கிறதா? இருந்தால் சாதாரணப் போனே போதும்.

இணையத்தில் தேடும்போது ‘ஐ.இ.எம்.’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். காதின் மேல் வயரைச் சுற்றி மாட்டும் ரகம் அது. கே.இசட்., மூன்டிராப் சூ 2, 7ஹெச்இசட் ஜீரோ 2, டாங்ஸூ வான்அர் போன்ற சீனத் தயாரிப்புகள் இந்த வகையில் பேர் பெற்றவை. இவை நம்மூர்க் கடைகளில் எளிதில் அகப்படாது. பெரும்பாலும் கூரியரில்தான் வரும். திருப்பி அனுப்பும் வசதி உள்ள தளத்தில் வாங்குங்கள். பிளாட்பாரத்தில் பிரபல பிராண்டின் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

3. தெரிந்த சத்தத்தை வைத்துச் சோதியுங்கள்

மைக் இல்லாமல் நேரில் கேட்ட வாத்தியம்தான் நல்ல உரைகல். கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் தவிலைப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். நல்ல தவில் பதிவு ஒன்றைப் போனில் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். தொப்பியில் குச்சி விழும்போது அடிவயிற்றில் இறங்கும் ‘தொம்’ ஒரு பக்கம். வலந்தலையில் விரல் கூடுகள் படும்போது தெறிக்கும் ‘டக், டக்’ இன்னொரு பக்கம். வேகமான கோர்வையிலும் இரண்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘தொம்’ இழுத்துக்கொண்டே போய் விரல் சத்தத்தை மூடினால் பேஸ் வீங்கியிருக்கிறது. விரல் சத்தம் ஊசியாகக் குத்தினால் ட்ரெபிள் தூக்கலாக இருக்கிறது.

அடுத்து ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’. கிட்டார் தந்திகள் ஒவ்வொன்றாக விழுகின்றனவா, எஸ்.பி.பி.யின் குரல் தலையின் நட்டநடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்செட்டை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு உங்கள் காதில் இல்லை, ஹெட்செட்டிலோ போனிலோதான். கடைசியாக ஒரு பெண் குரல் பாட்டில் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்கள். அங்கே ‘ஸ்ஸ்’ என்று சீறினால் ஒரு மணி நேரத்தில் காது சலித்துவிடும்.

4. ரப்பரைச் சரியாகப் பொருத்துங்கள்

‘பேஸே இல்லை’ என்று குறைபட்டுக்கொள்கிறவர்களில் பலருக்குக் குறை ஹெட்செட்டில் இல்லை, ரப்பரில்தான். காதுக் குழாயும் ஹெட்செட்டும் சேர்ந்து ஒரு மூடிய சிற்றறை. அதில் இழையளவு இடைவெளி இருந்தாலும் காற்றழுத்தம் கசிந்துவிடும். முதலில் காணாமல் போவது கீழ் ஸ்தாயிதான். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும், சாவி மயிரிழை தேய்ந்தாலும் பூட்டு திறக்காது.

மாட்டும் முறை இது. எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். ஹெட்செட்டை மெல்லத் திருகியபடி உள்ளே நுழைத்து மடலை விடுங்கள். பாட்டை ஓடவிட்டு, விரலால் மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால் இப்போதைய ரப்பர் சிறியது. அடுத்த அளவுக்குப் போங்கள். வலித்தால் ஒரு அளவு சிறியதைப் போடுங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. வலதுக்கு நடுத்தரம், இடதுக்குப் பெரிது என்று போடுவதில் தப்பே இல்லை.

எந்த அளவும் ஒத்துவராவிட்டால் ஃபோம் ரப்பர் வாங்குங்கள். விரலால் உருட்டி ஒடுக்கி, காதில் வைத்து, அரை நிமிடம் விரித்துக்கொள்ள விடுங்கள். சீறலைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஃபோம் சீக்கிரம் நைந்துவிடும். சிலிக்கான் நெடுநாள் உழைக்கும்.

5. ஈக்குவலைசரில் கூட்டுவதற்கு முன் குறையுங்கள்

பல ஆண்ட்ராய்டு போன்களின் ஈக்குவலைசரில் ஐந்து பட்டைகள் இருக்கும்: 60, 230, 910, 3,600, 14,000 ஹெர்ட்ஸ். 60 என்பது தொப்பியின் அதிர்வு, 230 குரலின் கனம், 3,600 சொல் தெளிவு, 14,000 ஜால்ராவின் மினுமினுப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

• குரல் அமுங்கிக் கிடந்தால்: 230-ஐ 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள்.
• குரல் முகத்தில் அறைந்தால்: 3,600-ஐ 2 டெசிபல் குறையுங்கள்.
• ரப்பர் சரியாகப் பொருந்திய பிறகும் பேஸ் போதாவிட்டால்: 60-ஐ 3 டெசிபல் கூட்டுங்கள். ஏதேனும் ஒரு பட்டையைக் கூட்டினால் ‘ப்ரீஆம்ப்’ என்ற மொத்த ஒலியளவை அதே அளவு குறையுங்கள். இல்லையேல் உரத்த இடங்களில் கரகரக்கும்.
• ‘ஸ்ஸ்’ சீறினால்: அது பெரும்பாலும் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் ஒளிந்திருக்கும். ஐந்து பட்டையில் அதற்கு இடமில்லை. ஒன்பது பட்டை உள்ள வேவ்லெட் செயலியில் 8,000-ஐ 3 டெசிபல் இறக்கலாம்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் கேட்பவர்களை உட்காரவைத்துச் சோதித்ததில், பெரும்பாலானோருக்குப் பிடித்த ஒலிச் சமநிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதை இலக்காக வைத்து, அளந்துவைத்த ஆயிரக்கணக்கான மாடல்களுக்குத் திருத்தக் கணக்குப் போட்டுத் தருகிறது ‘ஆட்டோஈக்யூ’ என்ற இலவசத் திட்டம். வேவ்லெட்டில் உங்கள் மாடலின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கணக்கு தானாக ஏறிக்கொள்ளும். பெயர் இல்லாத பிளாட்பார ஹெட்செட்டுக்கு இந்த வசதி கிடையாது. தெரிந்த மாடலை வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. வலையைச் சுத்தமாக வையுங்கள்

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே குப்பையில் போடாதீர்கள். ரப்பரைக் கழற்றி, ஹெட்செட்டின் மூக்கிலுள்ள வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். அடைத்திருப்பது பெரும்பாலும் காதுக்குறும்பிதான். ஊசியால் குத்துவது, வாயால் ஊதுவது இரண்டும் டிரைவருக்கு ஆகாது. ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க் கவரில் ஹெட்செட்டை விடவே கூடாது.

7. சத்தத்துக்கு எல்லை வையுங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். மதுரை பஸ்ஸில் எஞ்சின் இரைச்சலும் டிரைவர் போடும் பாட்டும் சேர்ந்தால், அதை மீறிக் கேட்க நம் கை தானாகவே வால்யூமை ஏற்றும். ரப்பர் சரியாகப் பொருந்தினால் வெளிச்சத்தம் அடங்கி, குறைந்த வால்யூமிலேயே பாட்டுத் தெளியும்.

மில்லுக்குள் இரைச்சலை மறைக்கப் பாட்டைப் போட்டுக்கொள்வது, சத்தத்தின் மேல் சத்தத்தை ஏற்றுவதுதான். அங்கே வேண்டியது காதடைப்பான். பைக் ஓட்டும்போதும் தண்டவாளம் தாண்டும்போதும் ஹெட்செட் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இருப்பதை மாற்றுவதற்கு முன், இந்த வரிசையில் செய்து பாருங்கள்: வலையைச் சுத்தம் செய்வது, ரப்பரை மாற்றுவது, ஈக்குவலைசரைத் திருத்துவது. மூன்றுக்கும் சேர்த்து இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. அப்படியும் தவிலின் இரண்டு முகமும் பிரிந்து கேட்கவில்லையா? அப்போது புதிதாக வாங்குவதில் தப்பில்லை. கழற்றும் வயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பில்லையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.